வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு ஒரு தட்டு மணல்

எமது தோட்டப்புறங்களில் மிக இலகுவாகப் பாவிக்கப்படும் சொல் ஒன்று உண்டு. "மக்கு" என்பதே அது. தரம் மூன்றுக்கோ நான்குக்கோ வந்த பின்னரும் புத்தகத்தைப் பார்த்து ஒரு வரி வாசிக்க முடியாமல் நிற்கும் பிள்ளைக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொள்கின்றது. வகுப்பில் அதற்குக் கடைசி வாங்கு. வீட்டில், "இவனுக்குப் படிப்பு ஏறாது, கொழும்பில் ஒரு கடையில் சேர்த்துவிடுவோம்" என்ற தீர்ப்பு. சில ஆண்டுகள் பிந்தி அந்தப் பிள்ளை பாடசாலையை விட்டு விலகும்போது எவரும் வியப்பதில்லை. எல்லாரும் எதிர்பார்த்ததுதானே நடந்தது என்று இருந்துவிடுகின்றோம்.

இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் பிழையானது. இப்பிள்ளைகளில் பலர் அடுப்பு மூட்டுவார்கள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வார்கள், கடைக்குப் போய் மிச்சக் காசைச் சரியாகக் கொண்டுவருவார்கள், காமன் கூத்துப் பாட்டைக் கேட்டுக் கேட்டே மனப்பாடமாகப் பாடுவார்கள். அறிவு இருக்கின்றது. எழுத்து மட்டும் உள்ளே போகவில்லை. அது போவதற்குக் கண் என்ற ஒரே கதவைத்தான் நாம் திறந்து வைத்திருக்கின்றோம். காது, வாய், கை ஆகிய மற்றக் கதவுகளையும் சேர்த்துத் திறந்து, படிப்படியாகக் கற்பித்தால் இப்பிள்ளைகளில் மிகப் பலர் வாசிப்பார்கள். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. பிஸ்கட் டின் மூடி ஒன்றும் ஒரு பிடி மணலும் போதும்.

ஏணியில் உடைந்த படிகள்

வாசிப்பு ஏணிபோன்றது. ஒரு படி உடைந்திருந்தால் அடுத்த படிக்குக் கால் எட்டாது. ஒலியைப் பிரித்தறிவது முதற்படி. ஒலிக்கு உரிய எழுத்தை அறிவது அடுத்த படி. எழுத்துகளைக் கூட்டிச் சொல்லாக்குவது அதற்கு அடுத்தது. முதலாம் தரத்தில் இரண்டு மாதம் பாடசாலைக்குப் போகாத பிள்ளை, மூன்றாம் மாதத்தில் மற்றவர்களோடு அமர்ந்திருந்தாலும் ஏணியின் அடியிலேயே நிற்கின்றது.

இடம்பெயர்ந்த குடும்பங்கள் இதை நன்கு அறிவார்கள். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர்தப்பியவர்கள் அருகிலிருந்த பாடசாலைகளில் தங்கவைக்கப்பட்டார்கள். முகாம் ஆகிவிட்ட பாடசாலையில் பாடம் எப்படி நடக்கும்? 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் நீண்ட காலம் மூடப்பட்டிருந்தன. கைத்தொலைபேசியில் பாடம் என்றார்கள். சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலையுச்சிக்கு ஏற வேண்டியிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவுகளும் பதுளை மாவட்டத்தில் மீண்டும் உயிர்களையும் வீடுகளையும் பறித்தன. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போய்க் காடு வெட்டி விவசாயம் செய்த குடும்பங்களும் போரினால் மறுபடி மறுபடி இடம்பெயர்ந்தன. ஒவ்வொரு இடப்பெயர்விலும் பிள்ளையின் ஏணியில் ஒரு படி உடைகின்றது. உடைந்த படியை எண்ணிப் பார்ப்பவர் இல்லை. பிள்ளையின் தலையில்தான் குற்றம் சுமத்தப்படுகின்றது.

வேறொரு காரணமும் உண்டு. அறிவிற் குறைவில்லாத சில பிள்ளைகளுக்குச் சொல்லின் ஒலிகளைப் பிரித்து எழுத்தோடு இணைப்பது பிறவியிலேயே கடினமாக இருக்கும். இதனை டிஸ்லெக்சியா என்று அழைப்பார்கள். குடும்ப வழியாகவும் இது வருவதுண்டு. இது சோம்பலும் அல்ல, வளர்ப்புக் குறையும் அல்ல. சென்னையில் 1990களின் தொடக்கத்திலேயே பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து சென்னை டிஸ்லெக்சியா சங்கத்தை அமைத்து இப்பிள்ளைகளுக்காக உழைக்கத் தொடங்கினார்கள். ஒரு பிள்ளையின் தடுமாற்றம் டிஸ்லெக்சியாவினால் வந்ததா, பாடம் தவறியதால் வந்ததா என்று எமது லயக் காம்பராவில் இருந்து தீர்மானிக்க முடியாது. ஆயினும் இரு சாராருக்கும் உதவும் பாடம் ஏறத்தாழ ஒன்றே.

மணல் கடல் கடந்த கதை

மணலில் எழுதுவது எமக்குப் புதியதன்று. எமது முன்னோர் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில், எழுத்தின் ஒலியை வாயாற் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுதிப் பழகினார்கள். வாய் சொல்லும், காது கேட்கும், விரல் உணரும், கண் காணும். நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். இன்றும் ஏடு தொடக்கும் நாளில் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைக்கின்றோம். ஆனால் அந்த ஒரு நாளோடு அரிசியை அள்ளிவிடுகின்றோம்.

1789ஆம் ஆண்டில் அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துக் குரு சென்னை எழும்பூரில் இருந்த அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் அவர் ஒரு நாட்டுப் பள்ளியைக் கடந்து செல்கையில், பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதைக் கண்டார். அதைத் தமது இல்லத்தில் நடைமுறைப்படுத்தினார். இங்கிலாந்து திரும்பி 1797இல் அதைப்பற்றி நூல் எழுதினார். லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்திய ஜோசப் லங்காஸ்டரும் மணற் பலகையைப் பாவித்தார். அவருடைய முறை 1818 முதல் ஆர்ஜென்டினா, சிலி, பெரு ஆகிய ஸ்பானிய மொழி பேசும் நாடுகளுக்குச் சென்றது. மெக்சிக்கோவில் 1822இல் இதற்கெனவே ஒரு கழகம் அமைந்தது. அங்கேயும் கடைசி வகுப்புப் பிள்ளைகள் மணலில்தான் ஸ்பானிய எழுத்துகளை எழுதத் தொடங்கினார்கள். எமது திண்ணையிலிருந்து புறப்பட்ட மணல் உலகின் மறுகரையில் வேறொரு மொழிக்கும் வழிகாட்டியிருக்கின்றது.

பின்னர் வந்த அறிஞர்களும் தனித்தனியாக இந்த இடத்துக்கே வந்தார்கள். 1907இல் உரோமை நகரின் ஏழைக் குடியிருப்பொன்றில் சிறுவர் இல்லத்தைத் தொடங்கிய மரியா மொண்டசோரி, உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டிப் பிள்ளைகளைத் தடவவைத்தார். அமெரிக்காவில் சாமுவேல் ஓட்டன் என்ற வைத்தியர், 1925இல் வாசிக்க இயலாத பிள்ளைகள் பற்றி எழுதினார். அவரோடு சேர்ந்து உழைத்த அன்னா கில்லிங்ஹாம், 1930களில் பெசி ஸ்டில்மனோடு இணைந்து கண், காது, கை மூன்றையும் சேர்த்துப் பயிற்றும் பாட ஒழுங்கை உருவாக்கினார். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்கான பாடங்களில் பல இன்றும் அதிலிருந்தே கிளைத்துள்ளன.

ஸ்பானிய மொழி எமக்குக் கற்பிப்பது

அமெரிக்காவின் கலிபோர்னியா போன்ற இடங்களில், அறுவடையைப் பின்தொடர்ந்து பண்ணைக்குப் பண்ணை இடம் மாறும் தொழிலாளர் குடும்பங்கள் உண்டு. இவர்களிற் பெரும்பாலானோர் ஸ்பானிய மொழி பேசுபவர்கள். இவர்களுடைய பிள்ளைகளும் ஆண்டின் நடுவில் பாடசாலை மாறுகின்றார்கள். இவர்களுக்கென 1966இல் அந்நாட்டு அரசு தனியான கல்வித் திட்டமொன்றைத் தொடங்க வேண்டியிருந்தது.

ஸ்பானிய மொழியில் உயிரொலிகள் ஐந்தே. எழுதியபடியே பெரும்பாலும் வாசிக்கலாம். ஆகவே ஆசிரியர்கள் ஒரு மெய்யெழுத்தை எடுத்து ம, மெ, மி, மொ, மு என்று குடும்பமாகக் கற்பிக்கின்றார்கள். பிள்ளைகள் கைதட்டிச் சொல்லைப் பிரிக்கின்றார்கள், தட்டில் எழுதுகின்றார்கள், அட்டைகளை அடுக்கிச் சொல் கட்டுகின்றார்கள். எமது க, கா, கி, கீ வரிசையும் இதே குடும்ப ஒழுங்குதான்.

அங்கும் தடுக்கும் இடங்கள் உண்டு. பசுவுக்கு "பாக்கா" என்றும் கழுதைக்கு "புர்ரோ" என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒரே ஒலியில் தொடங்கினாலும் எழுத்து வேறு வேறு. எமது பிள்ளைகள் னகரத்திலும் ணகரத்திலும் தடுக்கிவிழுவது போல அவர்கள் அங்கே தடுக்கிவிழுகின்றார்கள். இத்தகைய மொழிகளில் தடுமாறும் பிள்ளை பிழையாக வாசிப்பதைவிட மிக மெதுவாக வாசிப்பதே அதிகம். எழுத்தெழுத்தாகக் கூட்டி வரியின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோகும். எனவே எழுத்துத் தெரிந்துவிட்டது என்று பாடத்தை நிறுத்திவிடலாகாது. தெரிந்த சொற்களையே திரும்பத் திரும்ப வாசிக்கவைத்து வேகம் வரச் செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் அவர்களிடம் கற்கலாம். தாய்மொழியில் வாசிக்கக் கற்ற பிள்ளைக்கு இரண்டாம் மொழி வாசிப்பு இலகுவாகின்றது. சிங்களமும் ஆங்கிலமும் எமது பிள்ளைகளுக்குத் தேவை. அவற்றுக்கான வாசற்படி தமிழ் வாசிப்பே.

வீட்டிலே நடத்தக்கூடிய பாடம்

தாய், தகப்பன், அக்கா, அண்ணன், ஐந்தாம் தரம் வரை படித்த அம்மாயி, எவராயினும் இந்தப் பாடத்தை நடத்தலாம். நாளொன்றுக்கு இருபது நிமிடம் போதும். ஆனால் அது ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டும்.

முதலில் காது. புத்தகத்தை மூடி வையுங்கள். "கொழுந்து" என்று சொல்லி, "கொ – ழுந் – து" எனப் பிரித்து மூன்று முறை கைதட்டச் சொல்லுங்கள். "கூடை", "தேயிலை", "மழை" என்று பிள்ளைக்குத் தெரிந்த சொற்களையே எடுங்கள். பின்பு எழுத்துக்கு ஒரு புளியங்கொட்டை வீதம் வைக்கட்டும். "கொழுந்து" என்பதற்குக் கொ, ழு, ந், து என நான்கு கொட்டைகள்.

இரண்டாவது வாய். "ம்" என்று சொல்லவைத்து மூக்கைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அதிரும். மூக்கைப் பொத்தினால் ஒலி நின்றுவிடும். ப சொல்லும்போது உதடு மூடித் திறக்கும். ட சொல்லும்போது நாக்கு மேலே வளையும். சிறு கண்ணாடி இருந்தால் பிள்ளை தன் வாயைத் தானே பார்க்கலாம்.

மூன்றாவது கை. டின் மூடியில் மணலோ சலித்த மண்ணோ தவிடோ பரப்புங்கள். ட, ப, ம ஆகிய மூன்று எழுத்துகளோடு தொடங்குங்கள். இவற்றை எழுதுவது இலகு. ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் பெரிதாக எழுதட்டும். "மானா" என்று எழுத்தின் பெயரைச் சொல்ல வேண்டாம், "ம" என்ற ஒலியையே சொல்லட்டும். "மானா ஆவன்னா" என்று பெயர்களைப் பாடிய பிள்ளைக்கு அது எப்படி "மா" ஆகின்றது என்பது விளங்குவதில்லை.

நான்காவது சொல். இந்த மூன்று எழுத்தோடு ஒரு புள்ளியையும், அரவு என்று நாம் சொல்லும் காலையும் சேர்த்தால் படம், பாடம், மடம், மட்டம், பட்டம், மாமா, பாப்பா எனச் சொற்கள் பிறக்கின்றன. பழைய கலண்டர் அட்டையை வெட்டி எழுத்துகளை எழுதி, பிள்ளையே அடுக்கிச் சொல் கட்டட்டும். முதல் வாரத்திலேயே ஏழு சொற்களை வாசித்த பிள்ளை, தன்னை மக்கு என்று நம்பத் தயங்கத் தொடங்கும். அந்தத் தயக்கம்தான் எமக்கு வேண்டியது.

ஐந்தாவது, மீட்டல். அடுத்த நாள் பழையதைச் சொல்லவைத்த பின்னரே புதிய எழுத்து. பழையது மறந்திருந்தால் புதியது வேண்டாம். அடியோ ஏச்சோ வேண்டவே வேண்டாம். பயந்த பிள்ளையின் காது கேட்காது.

எமது எழுத்தில் தடுக்கும் இடங்கள்

தமிழில் 247 எழுத்துகள் என்றதும் பெற்றோர் மலைத்துப் போகின்றார்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, மிகுதி 216உம் உயிர்மெய். இவை அனைத்தையும் தனித்தனியே மனனம் செய்ய வேண்டியதில்லை. உயிர்க்குறிகளின் ஒழுங்கு விளங்கினால் பெரும்பாலான உயிர்மெய்கள் தாமாகவே வந்துவிடும். ஆனால் கு, சு, து, மு, று என உகர வரிசை ஒன்றுக்கொன்று வேறுபடும். அவற்றைத் தனியே, சிறுசிறு கூட்டமாகக் கற்பிக்க வேண்டும்.

கெ, கே, கை வரிசையில் பிள்ளைகள் அதிகம் குழம்புகின்றார்கள். காதுக்கு முதலில் வருவது "க்" என்ற ஒலி. கண்ணுக்கு முதலில் வருவதோ கொம்பு. கண்ணும் காதும் முரண்படுகின்றன. "கொம்பைக் கண்டால் வாய் பொறுத்திருக்கும், அடுத்த எழுத்தைப் பார்த்த பின்தான் திறக்கும்" என்று பழக்குங்கள். மணலில் எழுதும்போது கொம்புக்கு மௌனம், மெய்யை எழுதி முடித்ததும் முழு ஒலி. கொ, கோ ஆகியவற்றில் குறி இரு பக்கமும் நிற்கும். இரண்டு கைகளாலும் அணைப்பது போல என்று காட்டினால் பிள்ளை மறக்காது.

ஒரே எழுத்துப் பல ஒலி தருவதும் உண்டு. "கல்", "தங்கம்", "பகல்" ஆகியவற்றில் ககரம் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் பிள்ளை தன் காதைச் சந்தேகிக்காது. ல, ள, ழ வேறுபாட்டுக்கு நாக்கின் இடத்தைக் காட்டுங்கள். பல்லி, பள்ளி என்றும் மனம், மணம் என்றும் இரட்டைச் சொற்களாக எழுதவையுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. மணலில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஒழுங்கில்லாமல் இன்று ஓர் எழுத்தும் நாளை வேறோர் எழுத்துமாக மணலைக் கீறிக்கொண்டிருந்தால் பயன் கிடைக்காது. ஒலியையும் எழுத்தையும் வெளிப்படையாக, வரிசையாக, மீட்டி மீட்டிக் கற்பிப்பதே அடித்தளம். கையும் வாயும் அதற்குத் துணை. "இவன் கண்ணால் கற்பவன், அவள் காதால் கற்பவள்" என்று பிள்ளைகளைப் பிரிப்பதிலும் பயனில்லை. எல்லாப் பிள்ளைக்கும் எல்லாக் கதவும் வேண்டும். பாடம் தொடங்குமுன் பிள்ளைக்குக் கண் தெளிவாகத் தெரிகின்றதா, காது கேட்கின்றதா என்று வைத்தியசாலையில் பார்த்துவிடுவதும் அவசியம்.

பெரியவர்களுக்கும் உரியது

எழுத்து அறியாமைக்கு எமது மக்கள் கொடுத்த விலை பெரிது. அன்றைய தோட்டங்களில் "துண்டு" என்றொரு முறை இருந்தது. தொழிலாளி இவ்வளவு கடன்பட்டிருக்கின்றான் என்று எழுதிய காகிதத் துண்டு அது. அது இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அதில் எழுதப்பட்டிருந்த தொகையை வாசிக்கத் தெரியாதவன், அந்தத் தொகைக்கே அடிமையாக இருந்தான். 1921இல் அந்த முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. ஆனால் வாசிக்கத் தெரியாமல் கைநாட்டு வைக்கும் நிலை அதோடு ஒழிந்துவிடவில்லை. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. 1970களிலிருந்தே அவை கட்டங்கட்டமாக அரசின் பொறுப்புக்கு வந்தன. இன்றைய பாட்டிமாரில் பலர் அந்த இடைவெளியில் வளர்ந்தவர்கள்.

பிரேசில் நாட்டில் பாவுலோ பிரெய்ரே 1963இல் அங்கிக்கோஸ் என்னும் ஊரில் ஏறத்தாழ 300 தொழிலாளருக்குச் சுமார் 40 மணித்தியாலப் பாடத்தில் எழுத்தறிவித்தார். செங்கல் போன்ற, அவர்கள் அன்றாடம் கையாளும் சொற்களையே எடுத்து, அசைகளாகப் பிரித்து, அவற்றின் குடும்பத்தைக் காட்டி, புதிய சொற்களை அவர்களே கட்டும்படி செய்தார். எமது பெரியவர்களுக்குக் "கொழுந்து", "சம்பளம்", "காணி", "உறுதி" போதும். "சம்பளம்" என்பதை எழுதக் கற்றவர் அடுத்த மாதம் சம்பளச் சீட்டில் எதற்காக எவ்வளவு கழித்திருக்கின்றார்கள் என்று கேட்பார். ஊழியர் சேமலாப நிதிக் கணக்கைப் பார்ப்பார். நிவாரணப் பட்டியலில் தம் பெயர் உண்டா என்று தாமே தேடுவார். இடம்பெயர்ந்தவருக்கு வீடும் காணியும் காகித வழியாகத்தான் வருகின்றன. காகிதத்தை வாசிக்கத் தெரியாதவர் வரிசையின் கடைசியில் நிற்கின்றார்.

நாம் செய்யக்கூடியவை

உங்கள் லயத்திலோ முகாமிலோ குடியேற்றத்திலோ வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று முதலில் கணக்கெடுங்கள். வாசிக்கத் தெரிந்த இளைஞர், யுவதிகள் இருவரைத் தேர்ந்து ஒருவருக்கு நான்கைந்து பிள்ளைகள் வீதம் ஒப்படையுங்கள். மாலை நேரத்தில், பிள்ளை மடுவத்திலோ ஒரு வீட்டு விறாந்தையிலோ பாடம் நடக்கட்டும். எந்தப் பிள்ளை எந்த எழுத்துவரை வந்துள்ளது என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். குடும்பம் வேறிடம் போக நேர்ந்தால் அந்தக் குறிப்பைப் பிள்ளையோடு அனுப்புங்கள். புதிய இடத்தில் ஏணியை அடியிலிருந்து தேட வேண்டியிராது.

பாடசாலை ஆசிரியரையும் சந்தித்துப் பேசுங்கள். குற்றம் கூறுவதற்காக அல்ல, நீங்கள் வீட்டில் செய்வதை அவருக்குச் சொல்வதற்காக. நாற்பது பிள்ளைகளோடு தனியே போராடும் ஆசிரியருக்கு இது துணையாகும். எல்லார் முன்னிலையிலும் அப்பிள்ளையை எழுப்பி வாசிக்கவைக்க வேண்டாம் என்று மட்டும் தயவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்று மாலையே ஒரு மூடியில் மணலைப் பரப்புங்கள். பிள்ளை முதலில் தன் பெயரின் முதல் எழுத்தைச் சொல்லிக்கொண்டே எழுதட்டும். பிழைத்தால் தட்டை ஒருமுறை அசைத்தாற் போதும், எழுத்து அழிந்துவிடும். மறுபடி எழுதட்டும்.